கொம்புத் திருக்கை வந்த காலை

அந்தமான் பக்கம் ஒரு சின்னத் தீவு. வரைபடத்தில் அதன் மேல் ஓர் ஈ உட்கார்ந்தால் தீவு காணாமல் போய்விடும். அங்கே நண்டுகள் செருப்புத் திருடும். ஒற்றைச் செருப்போடு போன நண்டு ஒன்று, மறுநாள் ஜோடிச் செருப்பைக் கேட்டு வாசலில் வந்து நின்றதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். நம்பாதவர்கள் போய்ப் பார்க்கலாம். வெறுங்காலோடுதான் திரும்புவார்கள்.

அந்தத் தீவில் எஸ்தர் என்று ஒரு பெண். விடுமுறைக்கு வருகிறவர்களுக்குக் கடலுக்கு அடியில் போய்வரக் கற்றுக்கொடுப்பாள். முதுகில் காற்று சிலிண்டர், முகத்தில் கண்ணாடி, காலில் வாத்துக்கால் மாதிரி ரப்பர் துடுப்பு. எல்லோரும் அவளை மாஸ்டர் என்றுதான் கூப்பிட்டார்கள்.

அவளிடம் ஈரோட்டிலிருந்து ஒரு தம்பதி வந்தார்கள். சபாபதி, பெயிண்ட் கடைக்காரர். மாஸ்டரைவிட இருபது வயது மூத்த சீடர். அவர் மனைவி மங்கை.

ஆசை மங்கையுடையது. டிவியில் ஒரு நாள் கொம்புத் திருக்கை மீனைப் பார்த்துவிட்டாள். கல்யாண ஜமக்காளத்தின் அகலம், முகத்தில் இரண்டு கொம்பு. நீந்தாது, பறக்கும். அதை நேரில் பார்த்தே தீர வேண்டும் என்று, பேத்தி பிறந்த பிறகு போய் நீச்சல் குளத்தில் இறங்கினாள். மஞ்சள் நிறத்தில் துடுப்பு வாங்கினாள். சபாபதி சும்மா துணைக்கு வந்தவர். குளத்தில் அவள் தோளைப் பிடித்துத் தொங்கினவர்.

ஆனால் துணைக்கு வந்தவருக்குத்தான் கடல் வசப்பட்டது. விலாங்கு மாதிரி வழுக்கிக்கொண்டு முன்னால் போனார். எஸ்தர் ஒரு தடவை, “நல்லா வருதுண்ணா” என்று சொல்லிவிட்டாள். போதாதா? அதற்குப் பிறகு சாப்பாட்டு மேசைக்கே மனிதர் நீந்தித்தான் வந்தார்.

கடலுக்கு அடியில் ஒரு வழக்கம் உண்டு. யாரும் தனியாகப் போகக்கூடாது, ஜோடியாகத்தான் போக வேண்டும். சிலிண்டரில் மிச்சமுள்ள காற்றைக் காட்டும் முள் ஜோடியில் ஒருவருக்குச் சிவப்பைத் தொட்டால் இருவரும் மேலே வந்துவிட வேண்டும். மற்றவரிடம் எவ்வளவு மிச்சம் இருந்தாலும் சரி.

தினமும் மங்கையின் முள்தான் முதலில் சிவப்பைத் தொட்டது. திருக்கை வருகிற பாறை தூரத்தில் நிழலாகத் தெரியும்போது, அவள் எப்படியோ எட்டி வந்து அவர் துடுப்பைத் தட்டுவாள். இருவரும் மேலே வருவார்கள். அவள் படகில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்காருவாள். அவர் கடலைப் பார்த்துக்கொண்டு உட்காருவார்.

கடைசி நாளுக்கு முந்தின சாயங்காலம். எஸ்தர் சாமான்களை நல்ல தண்ணீரில் அலசிக்கொண்டிருந்தாள். சபாபதி போய்ப் பக்கத்தில் நின்றார்.

“ஏனுங் மாஸ்டர், ஒண்ணு கேக்கட்டுங்களா?”

“கேளுங்கண்ணா.”

“எனக்கும் அதே சிலிண்டர்தான், அவளுக்கும் அதே சிலிண்டர்தான். அவளுக்கு மட்டும் ஏனுங்க காத்து இப்படித் தீருது? உள்ளே போய்ப் பேசிட்டே வர்றாளா?”

“பேசறவங்களும் உண்டு. போன மாசம் ஒருத்தர் கணவாய் மீன்கிட்ட விலை பேசிட்டு இருந்தார்.”

“விளையாடாதீங்க. நாளைக்குக் காலையிலதான் கடைசி. அவ படகுலயே இருக்கட்டும். நான் உங்களுக்கு ஜோடியா வர்றேன். ஒருத்தராச்சும் பாக்கோணுமில்லீங்களா?”

“அக்கா என்ன சொன்னாங்க?”

“அவ என்னங்க சொல்லுவா? சரிங்கன்னா.”

எஸ்தர் குழாயை மூடினாள். மங்கையிடம் போய்த் தானும் ஒரு வார்த்தை கேட்டாள்.

“விடு கண்ணு,” என்றாள் மங்கை. “நான் போனா அவரும் பாதியில வரோணும். முகத்தை நாலு நாளைக்குத் தூக்கி வெச்சுக்குவாரு. ஊர் போய்ச் சேர்ற வரைக்கும் அந்த மூஞ்சியை யாரு பாக்கறது?”

எஸ்தர் திரும்பி வந்தாள். “காத்து ஏன் தீருதுன்னு கேட்டீங்களே, அதை நாளைக்குச் சொல்றேன்” என்றாள்.

காலையில் கடல் எண்ணெய் தடவின மாதிரி அசையாமல் கிடந்தது. படகில் சபாபதி சிலிண்டரை மாட்டியதும், மங்கை எழுந்து வந்து அவர் பட்டைகளை இழுத்துப் பார்த்தாள். அது ஜோடியாகப் போகிறவர் செய்ய வேண்டிய வேலை. எஸ்தர் தடுக்கவில்லை.

“கவனமுங்க.”

“நீ கொஞ்சம் படுத்துத் தூங்கு,” என்று சொல்லிவிட்டு அவர் குதித்தார்.

உள்ளே எஸ்தர் முன்னால் போனாள். அவர் பின்னால் போனார். எஸ்தர் நிற்கவில்லை. வேகத்தைக் கூட்டினாள். பவளப் பாறையில் கிளிமீன் கூட்டம் மேய்ந்தது. அவருக்கு அதைப் பார்க்க நேரமில்லை. எஸ்தரின் துடுப்பைக் கண்ணில் வைத்துக்கொண்டு காலை உதைத்தார். அது நெருங்கும், பிறகு விலகும். ஒரு தடவையாவது திரும்புவாள் என்று கையை ஆட்டினார். அவள் திரும்பவில்லை. தன் கையிடுக்கு வழியாக அவரைக் கவனித்துக்கொண்டேதான் போனாள், ஆனால் அது அவருக்குத் தெரியாது. அவருக்குத் தெரிந்ததெல்லாம் அவள் முதுகு.

மார்பு இரைந்தது. காதுக்குள் தன் மூச்சுதான் பெரிய சத்தமாகக் கேட்டது. முள்ளைப் பார்த்தார். சிவப்புக்குப் பக்கத்தில் நின்றது. எட்டிப் போய் எஸ்தரின் துடுப்பைத் தட்டினார்.

தட்டிய கை அப்படியே நின்றது.

எஸ்தர் திரும்பினாள். அவருடைய முள்ளையும் தன்னுடைய முள்ளையும் சேர்த்துப் பிடித்துக் காட்டினாள். அவளிடம் பாதிக்கு மேல் மிச்சம் இருந்தது. பிறகு கட்டை விரலை உயர்த்தினாள். மேலே போகலாம் என்று அர்த்தம்.

அவர்கள் படகை நோக்கி ஏற ஆரம்பித்தபோது அது வந்தது.

முதலில் வெயில் மறைந்தது. பிறகு வெள்ளை வயிறு, இரண்டு கொம்பு, அவசரமே இல்லாத சிறகு. அவர் தலைக்கு மேல் ஒரு வீட்டுக் கூரை பறந்து போவது போலப் போனது.

சபாபதி சட்டென்று பின்னால் திரும்பினார். கையை நீட்டி, பார் பார் என்று காட்டினார்.

தினமும் மங்கை வருகிற இடத்தில் நீலத் தண்ணீர் மட்டும் இருந்தது. அதையே பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே மிதந்தார். மறுபடி மேலே பார்த்தபோது திருக்கை போய்விட்டிருந்தது.

படகோட்டி தார்ப்பாய்க்குக் கீழே குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். மங்கைதான் ஏணியைப் பிடித்துக்கொண்டாள். அவள் சுடிதாரின் வலது கை தோள் வரை நனைந்திருந்தது. முகமெல்லாம் சிரிப்பு.

“வந்துச்சுங்களா?”

சபாபதி முகக் கண்ணாடியைக் கழற்ற நேரம் எடுத்துக்கொண்டார்.

“வரல புள்ள.”

மங்கையின் சிரிப்பு அப்படியே நின்றது. அப்புறம் மெல்ல உள்ளே போனது. துண்டை எடுத்து அவர் தலையைத் துவட்டினாள்.

“அட விடுங்க. உங்களைப் பாக்க அதுக்குக் குடுத்து வெக்கல.”

எஸ்தர் சிலிண்டர்களைக் கழற்றி வைத்தாள்.

கரையில் இறங்கியதும் மங்கை மஞ்சள் துடுப்புகளை எஸ்தர் கையில் கொடுத்தாள். “யாருக்காச்சும் குடு கண்ணு. எனக்கு இந்த ஒரு தடவை போதும்.” மூட்டை கட்டக் குடிலுக்குப் போய்விட்டாள்.

சபாபதி அந்தத் துடுப்புகளையே பார்த்தார்.

“மாஸ்டர், மத்தியானம் இன்னொரு தடவை போலாமுங்களா? அவளையும் கூட்டிக்கிட்டு. நான் பக்கத்துலயே இருக்கறனுங்க. அவ எவ்வளவு மெதுவா வந்தாலும் சரி.”

“முடியாதுண்ணா. நாளைக்குக் காலையில படகு ஏறிப் போய் உடனே விமானம் பிடிக்கணும். கடலுக்குள்ள போன உடம்பு ஒரு நாள் முழுசா ஆறாம வானத்துல பறக்கக்கூடாது. ரத்தத்துல குமிழி வந்துடும்.”

“டிக்கெட்டை மாத்தறேன்.”

“அக்கா துடுப்பைக் குடுத்துட்டாங்கண்ணா.”

அவர் மணலில் உட்கார்ந்தார். ஒரு நண்டு வந்து அவர் செருப்பைச் சுற்றிப் பார்த்துவிட்டு, வேண்டாம் என்று போய்விட்டது.

“பொய் சொல்லிட்டேன் மாஸ்டர்.”

“எதுக்குச் சொன்னீங்க?”

“அவ ஆசைப்பட்டது. அவளை விட்டுட்டு நான் மட்டும் பாத்தேன்னு எந்த வாயால சொல்றதுங்க?”

எஸ்தர் மஞ்சள் துடுப்பில் ஒட்டியிருந்த மணலைத் தட்டினாள்.

“நீங்க மட்டும் இல்லண்ணா. நீங்க பின்னாடி திரும்பித் தேடினீங்க பாருங்க, அப்போ அது மேல ஏறிப் படகை ஒட்டிப் போச்சு. நான் பாத்துட்டே இருந்தேன். வளையல் போட்ட கை ஒண்ணு மேல இருந்து தண்ணிக்குள்ள இறங்குச்சு. அது கடந்து போற வரைக்கும் அந்தக் கை அப்படியே இருந்துச்சு.”

தோள் வரை நனைந்த சுடிதார் அவர் கண்ணில் வந்து நின்றது.

“பாத்தாளா? பாத்தவ ஏன் எங்கிட்டச் சொல்லல?”

“சொல்லத்தான் வந்தாங்க,” என்றாள் எஸ்தர். “‘வந்துச்சுங்களா’ன்னு கேட்டாங்களே.”