வெறுந்தாளில் மஞ்சள்

குணசீலனின் அச்சகத்தில் போன் எடுப்பது பேச்சித்தாயின் வேலை. கோமதிநாயகம் மகள் கல்யாணத்துக்குப் பன்னிரண்டு நாள்தான் இருந்தது. முந்நூறு பத்திரிகைக்கும் தாள் வெட்டியதோடு சரி, ஒன்றுகூட அச்சாகவில்லை.

ஒன்பதாவது முறையாக அவர் போன் அடித்தார்.

“மஞ்சள் தடவிக்கிட்டு இருக்கோம்னு சொல்லு” என்றார் குணசீலன்.

“இன்னும் அச்சடிக்கவே இல்லையே அண்ணாச்சி! எட்டு தடவை பொய் சொல்லி நாக்கே தேஞ்சுபோச்சு.”

“சொல்லு. இல்லேன்னா வீட்டுக்குப் போ” என்று சொல்லிவிட்டு அவர் டீ குடிக்கப் போனார்.

பேச்சித்தாய் மஞ்சளைக் குழைத்தாள். வெறுந்தாளின் நான்கு மூலையிலும் தடவிக்கொண்டே கோமதிநாயகத்தைத் திரும்பப் போனில் கூப்பிட்டு, “மஞ்சள் தடவிக்கிட்டு இருக்கோம்யா. நேர்ல வந்து பாருங்க” என்றாள்.

அரை மணியில் கோமதிநாயகம் வந்து நின்றார். “வேலை முடிஞ்ச மாதிரிதான்!” என்று டீ குடித்துத் திரும்பிய குணசீலன் அளக்கும்போதே அவள் மஞ்சள் தடவிய தாள்கட்டைக் கொண்டுவந்து வைத்தாள்.

“என்னய்யா இது, பொண்ணு பேரு எங்கே? மாப்பிள்ளை பேரு எங்கே?”

குணசீலன் அவளை முறைத்தார். “வெறுந்தாளுக்கு எவளாவது மஞ்சள் தடவுவாளா?”

“நீங்க சொன்னது பொய்யாயிடக் கூடாதுல்ல அண்ணாச்சி? என்னால ஆனது இவ்வளவுதான்.”

கோமதிநாயகம் மெஷின் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். முந்நூறையும் எண்ணி வாங்கிய பிறகுதான் எழுந்தார்.

அடுத்த போன் அடித்ததும் குணசீலன் பதறினார். “இன்னும் ஆரம்பிக்கலைன்னே சொல்லிரு, தாயி!”