அமலியின் எழுத்து

இன்னாசிமுத்து தன் குறிப்பேட்டில் பதினோரு சோதனைகளைச் சிவப்பு மையால் அடித்திருந்தார். எல்லாவற்றின் ஓரத்திலும் ஒரே காரணம் எழுதியிருந்தது: காற்றுக் குமிழி.

உமையாள் அந்தப் பக்கங்களை ஒவ்வொன்றாகத் திருப்பிக்கொண்டிருந்தார். அவர்தான் இன்னாசிமுத்துவின் ஆய்வு வழிகாட்டி. மாணவரைவிட எட்டு வயது இளையவர்.

கல்லூரியில் விலங்கியல் நடத்திக்கொண்டிருந்த இன்னாசிமுத்து, மூன்று வருடங்களுக்கு முன், நாற்பத்திரண்டாம் வயதில், நீண்ட விடுப்பு எடுத்துக்கொண்டு திருச்சியிலிருந்த இந்த ஆய்வகத்துக்கு வந்தார். வந்த அன்றே காரணத்தைச் சொல்லிவிட்டார். மகள் அமலிக்குக் கைக்குழந்தையாக இருக்கும்போதே வலிப்பு கண்டது. இப்போது பதிமூன்று வயது. பேச்சு இல்லை. மரபணுவைப் பரிசோதித்தபோது, என்.எஸ்.எஃப். என்ற புரதத்துக்குரிய இடத்தில் ஓர் எழுத்து மாறியிருந்தது தெரிந்தது. நோய்க்கு அதுதான் காரணமா என்று கேட்டால் எந்த மருத்துவரும் உறுதியாகச் சொல்லவில்லை.

"அப்போ நானே பாத்துக்கிறேன்" என்று வந்தவர் அவர்.

மூளைச் செல்லுக்குள் செய்தியைச் சுமந்த சிறு பைகள் செல்லின் சுவரை நோக்கி வருகின்றன. பையின் இழையும் சுவரின் இழைகளும் ஒன்றையொன்று முறுக்கிக்கொள்கின்றன. முறுக்கு இறுக இறுகப் பை சுவரோடு கலந்துவிடுகிறது. உள்ளே இருந்தது வெளியே கொட்டுகிறது. பிறகும் இழைகள் சிக்கியபடியே கிடக்கும். பிரித்துவிட்டால்தான் அடுத்த பைக்கு உதவும். பிரிப்பது என்.எஸ்.எஃப்.

அமலியின் எழுத்தோடு செய்த புரதம் அந்த வேலையைச் செய்கிறதா, சாதாரணப் புரதத்தைவிட மெதுவாகச் செய்கிறதா? குழாயில் வைத்துப் பார்த்தால் தெரியும். இழைகள் பிரியப் பிரிய ஒளி கூடும். கருவி அதை அளக்கும். குழாயில் காற்றுக் குமிழி இருந்தால் அளவு தவறிவிடும்.

உமையாள் குறிப்பேட்டை மூடினார்.

"இந்தப் பதினொன்னையும் ஏன் அடிச்சீங்க சார்?"

"குமிழி மேடம். எழுதியிருக்கேனே."

"பதினொன்னுலயும் அமலியோடது நல்லா வேலை செஞ்சிருக்கு."

இன்னாசிமுத்து குறிப்பேட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"அது மெதுவா இருந்த நாள்ல ஒரு குமிழிகூட வரலையா?"

இன்னாசிமுத்து எழுந்து ஜன்னல்வரை போனார். திரும்பி வந்தார். மறுபடியும் போனார்.

"எனக்கு நேரமில்ல மேடம்."

"ஏன்?"

"என் மனைவி ரெஜினா மாசமா இருக்கா. இது பதினெட்டாவது வாரம். நாங்க எதிர்பாக்கல. பனிக்குட நீர் எடுத்துப் பாத்தாங்க. அதே எழுத்து. எங்க ரெண்டு பேர் ரத்தத்துலயும் அது இல்ல. டாக்டரே அபூர்வம்னு சொல்றார். ஆனா வந்திருக்கு."

"இத்தனை நாள் எங்கிட்ட சொல்லலையே."

"சொன்னா இந்த வேலையிலேருந்து என்னை விலக்கிடுவீங்க."

"விலக்கியிருப்பேன்."

"டாக்டர் பத்து நாள் குடுத்திருக்கார். வச்சுக்கிறதா வேண்டாமான்னு சொல்லணும். இந்த எழுத்து கெட்டதுன்னு தெரிஞ்சுட்டா முடிவு சுலபம்."

"சுலபமா?"

அவர் கை மேசையின் விளிம்பைத் தட்டிக்கொண்டே இருந்தது.

உமையாள் உள்ளே போய் உறைபெட்டியைத் திறந்தார். எட்டுக் குழாய்களை எடுத்து, ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் அவற்றின் மேல் எழுதியிருந்ததை எல்லாம் துடைத்தார். ஒன்று முதல் எட்டுவரை புதிதாக எண் போட்டார். ஒரு துண்டுச் சீட்டில் ஏதோ எழுதித் தன் கைப்பையில் வைத்துக்கொண்டார்.

"நாலு சாதாரணம். நாலு அமலியோடது. எது எதுன்னு எனக்கு மட்டும்தான் தெரியும். குமிழி இருந்தா ஓட்டுறதுக்கு முன்னாடியே தூக்கிப் போடுங்க. முடிவைப் பாத்தப்புறம் போடக்கூடாது."

"என் மேல நம்பிக்கை இல்லையா?"

"உங்க இடத்துல நான் இருந்தா என்னையும் நம்ப மாட்டேன் சார்."

மூன்று நாள் ஆனது. இன்னாசிமுத்து உட்காரவே இல்லை. கருவி ஓடும்போது அதன் முன்னால் நின்றார். ஓடாதபோது குழாய்களை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். எட்டும் தண்ணீர்போல் ஒரே மாதிரி இருந்தன. டீ ஆறி ஆடை கட்டியது. ரெஜினா இரண்டு முறை கூப்பிட்டாள். அவர் எடுக்கவில்லை.

மூன்றாம் நாள் பிற்பகல் வரைபடத்தோடு உமையாளிடம் வந்தார்.

"நாலும் ஏழும் அமலியோடது. எனக்குச் சந்தேகமே இல்ல. பாருங்க, கோடு எப்படித் தள்ளாடுதுன்னு."

உமையாள் சீட்டை எடுத்து மேசைமேல் வைத்தார்.

நான்கு, சாதாரணம். ஏழு, சாதாரணம்.

இன்னாசிமுத்து சீட்டைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் வெறுமையாக இருந்தது.

"இன்னொரு தடவை" என்றார்.

உமையாள் மறுபேச்சுப் பேசாமல் எண்களை மாற்றிக் கொடுத்தார். இரண்டு நாள் கழித்து இன்னாசிமுத்து அமலியுடையவை என்று மூன்று குழாய்களைக் காட்டினார். அவற்றில் ஒன்றுதான் அமலியுடையது.

அன்றுதான், அந்த ஐந்து நாளில் முதன்முறையாக, அவர் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"அப்போ இந்த எழுத்தால கெடுதி இல்லையா மேடம்?"

"குழாய்ல வித்தியாசம் தெரியல. அவ்வளவுதான். மூளை குழாய் இல்ல. நல்லதுன்னு என்னால சொல்ல முடியாது. கெட்டதுன்னு உங்களாலயும் சொல்ல முடியாது."

"அமலிக்கு ஏன் வந்துச்சு?"

"தெரியாது."

"பொறக்கப் போறதுக்கு வருமா?"

"தெரியாது சார்."

அவர் எழுந்துவிட்டார். குரல் உயர்ந்தது. பக்கத்து மேசையில் வேலை செய்துகொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள்.

"தெரியாது, தெரியாது. மூணு வருஷம் பாத்துட்டு இதைத்தான் கொண்டுபோறதா? வீட்டுல ஒருத்தி காத்துக்கிட்டிருக்கா. அவளுக்கு நான் என்ன பதில் சொல்றது?"

"அவங்க என்ன கேட்டாங்க?"

"வேற என்ன கேப்பா? இதைத்தான்."

"அவங்க வாயால கேட்டது என்ன?"

இன்னாசிமுத்து யோசித்தார். ரெஜினா எழுத்தைப் பற்றிக் கேட்டதில்லை. குழாயைப் பற்றிக் கேட்டதில்லை. பத்து நாள் கெடுவைப் பற்றிப் பேசியதெல்லாம் அவரும் மருத்துவரும்தான். மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய அன்று, அமலிக்குச் சட்டை மாற்றிக்கொண்டே ரெஜினா ஒன்றே ஒன்று கேட்டாள்.

"என்ன பேரு வைக்கலாம்னு கேட்டா" என்றார். குரல் தாழ்ந்திருந்தது.

"நீங்க என்ன சொன்னீங்க?"

"ரிசல்ட் வரட்டும்னு சொன்னேன்."

மேசைமேல் குப்புறக் கிடந்த அவருடைய போனை எடுத்து உமையாள் அவர் கையில் கொடுத்தார்.

"வந்தாச்சு சார். பதில் சொல்லுங்க."