விருந்தாளிக்குக் காட்டிய தண்ணீர்

நன்னீர் ஆராய்ச்சியாளர் நாச்சியாருக்கு ஒரு மாணவர், கார்மேகம். வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் படிக்க வந்தவர், குருவைவிட மூத்தவர். அவர் 'மேடம்' என்பார், இவர் 'அண்ணே' என்பார்.

இருவரும் ஒருநாள் ஜீப்பில் ஒரு கரிசல் காட்டு ஊருக்குப் போனார்கள். குடிக்க அங்கே ஊருணி ஒன்றுதான். பிள்ளைகளுக்கு ஓயாத வயிற்றுப்போக்கு. தண்ணீர் கெட்டிருப்பது சோதனையில் தெரிந்தால்தான் சுத்திகரிப்பு நிலையம் வரும்.

கார்மேகம் படித்துறையில் இறங்கிக் குனிந்தார். பாசி இல்லை. ஒரு தவளைகூட இல்லை. பிளீச்சிங் பவுடர் வாடைதான் மூக்கைத் துளைத்தது.

"யாரும்மா இதுல பவுடரைக் கொட்டுனது?" என்று சீறினார்.

கைப்பிள்ளையோடு நின்ற சொர்ணவல்லி சிரித்தாள். "பெரிய படிப்புப் படிச்சவங்க வர்றீங்க. அழுக்குத் தண்ணியையா காட்டுறது? நேத்து ஊரே கூடிப் பாசி அள்ளுனோம் சார்."

"பழைய தண்ணி யார் வீட்டுலயாவது இருக்கா?"

"சேச்சே! எங்க வீட்டுல எல்லாம் நல்ல தண்ணிதான்."

கார்மேகம் தண்ணீர் பிடிக்கக் கொண்டுவந்த புட்டியை மூடிப் பைக்குள் போட்டார். "கிளம்புவோம் மேடம். தன் தலையில தானே மண்ணை வாரிப் போட்டுக்கிற ஊருக்கு நாம என்ன செய்ய முடியும்?"

நாச்சியார் செருப்பைக் கழற்றிவிட்டுப் படியில் உட்கார்ந்தார். கை நீட்டிப் பிள்ளையை வாங்கி மடியில் போட்டுக்கொண்டார்.

"ஏன் தாயி, பிள்ளை இப்படித் துவண்டு கிடக்கான்?"

"முந்தாநாளு புடிச்சு வயித்தால போகுதுக்கா. கஞ்சித் தண்ணிகூடத் தங்க மாட்டேங்குது."

"என் மகளும் போன மாசம் இப்படித்தான் கிடந்தா. எனக்கு ஈரக்குலையே நடுங்கிப் போச்சு. இவன் என்ன தண்ணி குடிச்சான்?"

சொர்ணவல்லியின் சிரிப்பு நின்றது. கார்மேகத்தை ஒரு பார்வை பார்த்தாள். விடுவிடுவென வீட்டுக்குப் போனவள், ஒரு குடத்தோடு வந்தாள். முந்தானையால் அதன் வாயை மூடியிருந்தாள்.

"பவுடர் போடுறதுக்கு முந்தி எடுத்தது. உள்ள பாக்காதீங்கக்கா. வெக்கமா இருக்கு."

"சரி, பாக்கலை. நீ முதல்ல ஜீப்புல ஏறு. பிள்ளையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவோம்."

குடத்தைக் கார்மேகம் தூக்கி வந்தார். வண்டியில் வைத்தவர் முணுமுணுத்தார். "நானும் இதைத்தானே மேடம் கேட்டேன்? எனக்கு ஏன் தரலை?"

"நீங்க தண்ணிக்கு என்னன்னு கேட்டீங்கண்ணே. நான் பிள்ளைக்கு என்னன்னு கேட்டேன்."