பெயரில்லாத சட்டைகள்

இன்ஸ்பெக்டர் மாசிலாமணி மடத்துக்கு வந்தபோது ஞானாம்பிகை அம்மையார் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். மாசிலாமணி சீருடையில் இல்லை. வேட்டியும் வெள்ளைச் சட்டையும்தான். வயதில் அம்மையாரைவிட மூத்தவர். ஆனாலும் மனைவி இறந்த வருஷத்திலிருந்து அவரைத்தான் குரு என்று சொல்லிவந்தார்.

வணங்கிவிட்டு எதிரே உட்கார்ந்தார்.

"முத்தாலம்மன் தெரு விஷயம் கேள்விப்பட்டேன்" என்றார் அம்மையார்.

அந்தத் தெருவுக்கு மூன்று வாரமாகக் குழாயில் தண்ணீர் வரவில்லை. மனுக் கொடுத்துப் பார்த்தார்கள். பிறகு பெண்கள் எல்லாரும் காலிக் குடங்களோடு மெயின் ரோட்டில் உட்கார்ந்துவிட்டார்கள். அமைச்சர் அந்த வழியாக வரவேண்டியிருந்தது. மேலிடத்திலிருந்து மாசிலாமணிக்குப் போன் மேல் போன். கடைசியில் அவர் கூட்டத்தைக் கலைக்கச் சொன்னார். நசுங்கிய குடங்களும் அறுந்த செருப்புகளும்தான் சாலையில் மிஞ்சின. கூட்டம் கல்லெறிந்ததாக ஸ்டேஷனில் வழக்குப் பதிவானது.

"அம்மா, நான் யார் மேலயும் கை வைக்கலை. மேலேருந்து சொன்னாங்க, நான் சொன்னேன், ஸ்டேஷன் பசங்க அடிச்சாங்க. இதுல பாவம் யாருக்கு?"

அம்மையார் கீரையை ஒதுக்கி வைத்தார்.

"பெரியாஸ்பத்திரியில பொன்னுத்தாய்னு ஒரு அம்மா கிடக்காங்க. சித்தாள் வேலைக்குப் போறவங்க. ரெண்டு கையும் உடைஞ்சிருக்கு. காலையில கஞ்சி கொண்டு போறேன், நீங்களும் வாங்க. முதல்ல உங்க பேரைச் சொல்லுங்க. அவங்க சரின்னா, நீங்க ஊட்டுங்க."

காலையில் மாசிலாமணி வந்துவிட்டார்.

வார்டு வாசலில் தூக்குவாளியை அவர் கையில் கொடுத்துவிட்டு அம்மையார் வராந்தாவிலேயே நின்றுகொண்டார்.

பொன்னுத்தாய் கட்டிலில் சாய்ந்திருந்தாள். இரண்டு கைகளும் மாவுக்கட்டுக்குள் இருந்தன. கூட்டத்தைக் கலைத்த அன்று மாசிலாமணி ஹெல்மெட் போட்டிருந்ததால் அவளுக்கு அடையாளம் தெரியவில்லை.

"மடத்துலேருந்து வர்றீங்களா அண்ணே?"

"ஆமா."

அவள் வாயைத் திறந்தாள். அவர் ஸ்பூனால் ஊட்டத் தொடங்கினார். முதல் வாய் கொஞ்சம் சிந்தியது. துண்டால் துடைத்துவிட்டார்.

"எப்படிம்மா ரெண்டு கையிலயும் பட்டுச்சு?"

"தலையில விழுந்துடக் கூடாதுன்னு ரெண்டு கையையும் மேல வச்சேன். கை மேலயே அடிச்சான். எழுந்து போயிடறேன் சாமின்னு சொன்னேன். எழுந்திரிக்க விட்டாத்தானே?"

மாசிலாமணி கஞ்சியைக் கலக்கிக்கொண்டே இருந்தார்.

"யாருன்னு பார்க்கலாம்னு நிமிர்ந்தேன் அண்ணே. சட்டையில பேரு இல்லை. ஒருத்தன் சட்டையிலயும் இல்லை. எல்லாரும் கழட்டி வச்சிட்டு வந்திருக்காங்க. அடிச்சது கூட ஆறிடும். நம்மளை அடிச்சவன் பேரு நமக்குத் தெரிய வேண்டாமா?"

கஞ்சி தீர்ந்தது. அவள் தண்ணீர் கேட்டாள். டம்ளரைப் பிடித்துக் கொடுத்தார்.

"நல்லா இருங்க. உங்க பேரு என்னண்ணே?"

வார்டில் மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. அடுத்த கட்டிலில் யாரோ இருமினார்கள்.

"ஆறுமுகம்" என்றார் மாசிலாமணி.

வராந்தாவில் அம்மையார் கேட்டார்.

"பேரைச் சொன்னீங்களா?"

"சொன்னேன்."

"எந்தப் பேரை?"

மாசிலாமணி வாளியைக் கீழே வைத்தார்.

"பேட்ஜைக் கழட்டுங்கன்னு சொன்னதே நான்தான் அம்மா. அந்த அம்மாவை அடிச்சவன் கான்ஸ்டபிள் காசிராஜன். கல்யாணமாகி ஆறு மாசம் ஆகலை. 'எனக்கு என்ன ஆகும் ஐயா'ன்னு தினமும் கேக்கறான். அடுத்த வாரம் விசாரணை. கல்லெறிஞ்சாங்கன்னு நான் ஒரு வார்த்தை சொல்லிட்டாப் போதும், எல்லாரும் தப்பிச்சிருவாங்க. என் பசங்களை நான் காப்பாத்த வேண்டாமா?"

"யார்கிட்டேருந்து?"

மாசிலாமணி திரும்பி வார்டைப் பார்த்தார். பொன்னுத்தாய் அரித்த முதுகைக் கட்டில் கம்பியில் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

விசாரணையைக் கோட்டாட்சியர் நடத்தினார். தெருப் பெண்கள் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள், நடுவே பொன்னுத்தாய். போலீஸ்காரர்கள் ஜன்னலோரம் நின்றார்கள். "இன்ஸ்பெக்டர் மாசிலாமணி" என்று கூப்பிட்டதும் அவர் எழுந்து போனார். பொன்னுத்தாய் அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு அவர் சட்டையில் இருந்த பெயரைப் பக்கத்திலிருந்தவளிடம் படிக்கச் சொன்னாள்.

"கூட்டம் கல்லெறிஞ்சதா?" என்று கேட்டார் கோட்டாட்சியர்.

"இல்லைங்க மேடம்."

ஜன்னலோரம் யாரோ செருமினார்கள்.

"பின்னே என்ன செஞ்சாங்க?"

"உட்கார்ந்திருந்தாங்க. தண்ணி கேட்டாங்க. ஆம்புலன்ஸ் வந்தா போறதுக்கு ஒரு ஓரமா வழி கூட விட்டிருந்தாங்க."

"கலைஞ்சு போகச் சொல்லி எச்சரிச்சீங்களா?"

"எச்சரிக்கலை. நேரம் இல்லைன்னு நினைச்சேன்."

"இந்த அம்மாவை அடிச்சது யாரு?"

"காசிராஜன். அடின்னு சொன்னது நான். பேட்ஜைக் கழட்டுங்கன்னு சொன்னதும் நான்."

அவர் உட்காரத் திரும்பியபோது காசிராஜன் அவரைப் பார்க்காமல் வெளியே போய்விட்டான்.

இரண்டு பேரும் சஸ்பெண்ட் ஆனார்கள். பெண்கள் மேல் போட்ட வழக்கைத் திரும்பப் பெற்றார்கள். குழாயில் தண்ணீர் சில நாள் வந்தது, பிறகு நின்றது. பெண்கள் மறுபடியும் குடங்களோடு வந்து உட்கார்ந்தார்கள். இந்த முறை போலீஸ்காரர்கள் சட்டையில் பெயரோடு ஓரமாக நின்றார்கள். மத்தியானம் வரை பேச்சுவார்த்தை நடந்தது. மாசிலாமணி எதிர்ப்புறத்து டீக்கடையில் நின்று பார்த்துவிட்டு வீட்டுக்குப் போனார்.

அன்று சாயங்காலமே பழம் வாங்கிக்கொண்டு பொன்னுத்தாய் வீட்டுக்குப் போனார். அவள் வாசற்படியை விட்டு நகரவில்லை.

"அன்னைக்குக் கஞ்சி ஊட்டறது அடிக்கச் சொன்னவர்னு தெரிஞ்சிருந்தா நான் வாயைத் திறந்திருக்க மாட்டேன்" என்றாள். சத்தம் போடவில்லை. "பழத்தை எடுத்துட்டுப் போங்க."

அங்கிருந்து நேராக மடத்துக்கு நடந்தார். அம்மையார் முற்றத்தைப் பெருக்கிக்கொண்டிருந்தார். மாசிலாமணி பழப்பையைக் கீழே வைத்துவிட்டுத் தூணோரம் உட்கார்ந்தார். வெகுநேரம் அழுதார். அம்மையார் பெருக்கி முடித்து, துடைப்பத்தைச் சாய்த்து வைத்துவிட்டு வந்தார்.

"நிஜத்தைச் சொன்னா மனசு லேசாகும்னு நினைச்சேன் அம்மா. வேலை போச்சு. காசிராஜன் வீட்டுல என்னைச் சபிக்கறாங்க. அந்த அம்மா பழத்தைக் கூட வாங்கலை. எனக்கு எப்போ அம்மா லேசாகும்?"

"பொன்னுத்தாய் கை எப்போ சரியாகும்னு டாக்டர் சொன்னாரு?"

"கட்டைப் பிரிச்சிட்டாங்க. வலது கை இனிமே பழையபடி வராதாம். கலவைச் சட்டி தூக்க முடியாதாம்."

அம்மையார் அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

"அப்போ உங்களுக்கு மட்டும் என்ன அவசரம்?"