அமைதியை அளந்த நரி

ஒரு காட்டோரப் புல்வெளியில் முயல் ஒன்று குட்டி போட்டிருந்தது. குட்டிகளை எங்கே ஒளித்து வைத்திருக்கிறது என்று தன் புருஷனிடம்கூட அது மூச்சு விடவில்லை. அவ்வளவு ஜாக்கிரதை! ஆனால் பாவம், தூக்கம்தான் இல்லை.

காரணம் ஆள்காட்டிக் குருவி. இலை அசைந்தாலும் கத்தும், எருமை தும்மினாலும் கத்தும். போதாததற்குக் குளத்தில் தவளைகள், மரத்தில் சில்வண்டுகள்.

"சே! ஒரு கண் அயர முடிகிறதா இங்கே?" என்று முயல் ஒருநாள் வாய்விட்டுப் புலம்பியது.

அந்த வழியாக வந்த நரியின் காதில் அது விழுந்தது. "கவலைப்படாதே தங்கச்சி! இனி இந்தப் புல்வெளியின் அமைதிக்கு நான் காவல். தினமும் பாறைமேல் உட்கார்ந்து அளந்து பார்க்கிறேன்."

"அமைதியை எப்படி அளப்பீர்கள், அண்ணா?"

"ரொம்பச் சுலபம். உன் குட்டிகள் மூச்சு விடுவது என் காதுக்குக் கேட்க வேண்டும். கேட்டுவிட்டால் முழு அமைதி!"

முயலுக்கு உச்சி குளிர்ந்துபோனது. இப்படியும் ஒரு நல்லவரா! தானே ஓடிப்போய் எல்லோரையும் அதட்டியது. "நரியண்ணா அளக்கிறார், வாயை மூடுங்கள்!"

தவளைகள் அடங்கின. சில்வண்டுகளும் அடங்கின.

"அம்மா, நரி வந்தால் கத்துவதுதானே என் வேலை?" என்றது ஆள்காட்டி.

"பெரியவர்கள் வந்தால் கத்துவதா? மரியாதை தெரியாத கழுதை!" என்று முயல் அதன் வாயையும் அடைத்தது.

புல்வெளி கப்சிப் என்று ஆனது. நரி கண்ணை மூடிக் காதை விடைத்தது.

"ஆகா, கேட்கிறது! மூன்று குட்டிகள். ஒன்றுக்கு மூக்கடைப்பு. குளத்தங்கரைப் பக்கம்தான். எந்தப் புதர்? இன்னும் கொஞ்சம் கிட்டே போனால் தெரிந்துவிடும்." அதன் வாயில் எச்சில் ஒழுகியது.

முயலுக்கு அப்போதுதான் உறைத்தது. மூன்று என்று நான் சொல்லவேயில்லையே! அதற்குள் நரி பாறையை விட்டு இறங்கி, மோப்பம் பிடித்தபடி நடக்கத் தொடங்கியது.

"கத்துடி, ஆள்காட்டி! ஐயோ, எல்லோரும் கத்துங்களேன்!" முயல் குய்யோ முறையோ என்று கூவியது.

அடக்கி வைத்திருந்த சத்தமெல்லாம் ஒரேயடியாகக் கிளம்பியது. ஆள்காட்டி நரியின் தலைக்கு மேலேயே வட்டமடித்துக் கத்தியது. நரிக்கு மூச்சும் கேட்கவில்லை, பக்கமும் தெரியவில்லை. குத்துமதிப்பாக ஒரு புதருக்குள் தலையை விட்டது. அது சப்பாத்திக்கள்ளி.

அன்று எல்லோரையும்விட உரக்கக் கத்தியது நரிதான். கத்திக்கொண்டே காட்டுக்குள் ஓடிவிட்டது.

குட்டிகள் மூன்றும் விழித்துக்கொண்டு வீறிட்டன. முயல் அழுகையும் சிரிப்புமாக அவற்றை அணைத்துக்கொண்டது.

"இப்போது வாயை மூடட்டுமா, அம்மா?" என்று கேட்டது ஆள்காட்டி.

"நீ கத்து, தாயே!" என்றது முயல்.

நீதி: வாயை மூடச் சொல்பவர் யார் என்று பார்த்துவிட்டு வாயை மூடுங்கள்.