சட்டி கழுவுறவன் காட்டிய தோணி

தூத்துக்குடித் துறையில் தோணி முதலாளி கொரேரா வைத்ததுதான் சட்டம். தண்ணீர் அசையாமல் கிடந்த ஒரு காலையில், புதிதாகக் கட்டிய தட்டையடித் தோணியில் ஏறினார். தரை மாதிரி நின்றது. பக்கத்தில் உருண்டை வயிற்றுப் பழைய தோணியில் கால் வைத்தார், சாய்ந்து கொடுத்தது.

"இந்த ஆட்டக்காரியை உடைச்சு விறகாக்குங்கலே!"

"முதலாளி, அலைக்கு அதுதான் நல்லது" என்றான் அதில் சமைக்கும் இன்னாசி.

"சட்டி கழுவுறவன் எனக்குத் தோணி சொல்லித் தாறியோ? மத்தியானச் சாப்பாட்டுக்குள்ள காட்டு. இல்லன்னா விறகோட நீயும் வெளிய போ."

"சாப்பாட்டுலேயே காட்டுறேன் முதலாளி."

இரண்டு தோணியும் பாய் விரித்துக் கடலுக்குப் போயின. புதுத் தோணியில் முதலாளிக்குச் சோறு போட்டு மீன் குழம்பு ஊற்றினான் இன்னாசி. ஒவ்வொரு அலைக்கும் தோணி வெடுக்கென்று சரிந்து வெடுக்கென்று நிமிர்ந்தது. பாதிக் குழம்பு அவருடைய வெள்ளை ஜிப்பாவில்.

ஜிப்பாவைத் துடைத்துக்கொண்டு பழைய தோணிக்கு மாறினார். அங்கேயும் இன்னாசி சோறு போட்டுக் குழம்பு ஊற்றினான். அந்தத் தோணி மெதுவாகச் சாய்ந்து மெதுவாக நிமிர்ந்தது. குழம்பு தட்டை விட்டு இறங்கவில்லை.

மூன்றாம் முறை சோறு வாங்கும்போது, "விறகு கடையில வாங்கிக்கலாம்" என்றார் முதலாளி. "ஏலே, இது உனக்கு எப்படித் தெரியும்?"

"எந்தத் தோணியில குழம்பு சட்டியில நிக்கும், எதுல தரையில கிடக்கும்னு கழுவுறவனுக்குத்தான முதலாளி தெரியும்!"