தானாக ஓடிய ஸ்லைடு

ஓர் அரசுப் பள்ளியில் ஒரு குருவும் ஒரு சிஷ்யையும் இருந்தார்கள். குருவுக்கு முப்பது வயது. சிஷ்யைக்கு ஓய்வு பெறச் சில வருஷங்களே பாக்கி.

குரு, கம்ப்யூட்டர் ஆசிரியர் காதர். சிஷ்யை, ஒன்பதாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கும் சகாயமேரி டீச்சர். போன வருஷம் கம்ப்யூட்டர் கற்றுக்கொண்டதிலிருந்து டீச்சர் அவரை ‘வாத்தியாரே’ என்றுதான் கூப்பிடுவார். பாதி கேலி, பாதி மரியாதை.

அந்த வாரம் தலைமையாசிரியர் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார். வெள்ளிக்கிழமை பெற்றோர் கூட்டத்தில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் தங்கள் ஆய்வைத் திரையில் காட்டி விளக்க வேண்டும். சொதப்பினால் கம்ப்யூட்டர் பீரியட் கணக்குப் பாடத்துக்குப் போய்விடும்.

டீச்சர் விடுவாரா? ‘நம் ஊர் போர் தண்ணீர் ஏன் உப்புக் கரிக்கிறது?’ என்று வீடு வீடாகப் போய் விசாரித்து வந்தது பிள்ளைகள். ஸ்லைடு செய்தது டீச்சர். எழுத்துகள் பறந்து வந்து உட்கார, பின்னால் இசை ஒலிக்க, ஜமாய்த்துவிட்டார்.

ஒத்திகையில், விளக்கிப் பேச வேண்டிய மாணவி முத்தழகி ஏதோ ஒரு பட்டனைத் தட்டினாள். ஸ்லைடு கடைசிப் பக்கத்துக்குத் தாவியது. அவள் பேச்சை நிறுத்திவிட்டு டீச்சர் முகத்தைப் பார்த்தாள்.

டீச்சர் காதரிடம் ஓடினார்.

“வாத்தியாரே, பிள்ளைங்க கையே படாம எல்லாம் தானா ஓடுற மாதிரி பண்ண முடியுமா?”

“முடியும் டீச்சர். உங்க குரலையும் பதிஞ்சு சேர்த்துடலாம்.”

“அடடே, அப்ப கவலையே இல்ல!”

டீச்சர் பேசப் பேசக் காதர் பதிவு செய்தார். பிறகு பிள்ளைகளை விளையாட அனுப்பிவிட்டு, காலி அறையில் ஓடவிட்டார். ஆரம்பம் முதல் முடிவு வரை ஒரு தடங்கல் இல்லை. டீச்சருக்குத் தலைகால் புரியவில்லை.

“பிரமாதம்” என்றார் காதர். “வெள்ளிக்கிழமை பிள்ளைங்களுக்கு லீவு விட்டுடலாமா டீச்சர்?”

“என்ன, நக்கலா?”

காதர் சிரிக்கவில்லை. டீச்சருக்கு முதலில் கோபம் வந்தது. பிறகு வெட்கமாகப் போயிற்று. எழுந்து போய்ப் பிள்ளைகளைக் கூப்பிட்டார்.

“முதல்லேருந்து நீங்களே பண்ணுங்க. நான் மவுஸைத் தொட மாட்டேன்.”

சொன்ன சொல்லைக் காப்பாற்றப் பட்ட பாடு அவருக்குத்தான் தெரியும். பச்சைப் பின்னணியில் மஞ்சள் எழுத்து போட்டார்கள். பார்த்துக்கொண்டு சும்மா இருந்தார். வரைபடம் தலைகீழாக வந்தது. “நீங்க கேட்டு வந்தது இதுதானா?” என்று மட்டும் கேட்டார். அவர்களே திருத்தினார்கள்.

வெள்ளிக்கிழமை கூட்டத்தில், பேச்சின் பாதியிலேயே முத்தழகி எதையோ அழுத்த, எல்லாம் மூடிக்கொண்டது. தலைமையாசிரியர் கடிகாரத்தைப் பார்த்தார். டீச்சர் பாதி எழுந்து, நாற்காலியைப் பிடித்துக்கொண்டு மறுபடி உட்கார்ந்தார்.

“ஒரு நிமிஷம் இருங்க” என்றாள் முத்தழகி, கூட்டத்தைப் பார்த்து. தேடினாள், திறந்தாள், விட்ட இடத்துக்கு வந்தாள்.

ஓர் அம்மா கேட்டார்: “இன்னும் ஆழமா போர் போட்டா நல்ல தண்ணி வருமா பாப்பா?”

“இல்லம்மா. ஆழமா போட்ட வீட்டுலதான் உப்பு ஜாஸ்தி. இந்தப் படத்துல பாருங்க, நாங்களே போய்க் கேட்டது.”

கூட்டம் முடிந்ததும் தலைமையாசிரியர் டீச்சரிடம் வந்தார். “கலர் கண்ணைக் குத்துது டீச்சர்” என்றார். “பீரியட் இருக்கட்டும்.”

அவர் போன பிறகு டீச்சர் காதரைத் தேடிப் போனார்.

“அவ தடுமாறினப்ப ஓடிப் போய் மவுஸைப் பிடுங்கிடலாம்னு கை பரபரன்னுச்சு வாத்தியாரே. இது எப்ப நிக்கும்?”

காதர் புரொஜெக்டரை அணைத்தார்.

“எனக்கே நிக்கல டீச்சர். போன வருஷம் நீங்க ஒரு ஃபைலைத் தேடி எடுக்குறதுக்குள்ள, நான் எத்தனை தடவை வராண்டாவுக்குப் போய்ட்டு வந்தேன் தெரியுமா?”